300 ஓம் ஹெட்ஃபோனுக்கு எந்த ஆம்ப்ளிஃபையர்? வாட் கணக்கு எனக்குப் புரியவில்லை

பொத்தனூர்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வெளிநாட்டுக்குக் குடிபெயர்ந்த நண்பர் ஒருவர், தாம் பல ஆண்டுகளாக வைத்திருந்த சென்ஹைசர் எச்டி 650 ஹெட்ஃபோனைச் சென்ற மாதம் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். காதுப் பஞ்சுகள் நைந்திருந்ததால் அவற்றை மட்டும் புதிதாக வாங்கி மாட்டினேன். மற்றபடி நல்ல நிலையில் இருக்கிறது. அதன் கனத்த 6.35 மில்லிமீட்டர் பின்னுக்கு ஒரு அடாப்டர், அதன் பின் ஒரு யுஎஸ்பி-சி டாங்கிள், அதன் பின் என் ஆண்ட்ராய்டு கைபேசி என்று வரிசையாகக் கோத்துத்தான் இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

புதிய திரைப்பாடல்கள் ஓரளவு போதுமான ஒலியில் கேட்கின்றன. ஆனால் நான் முக்கியமாகக் கேட்பது, என் தந்தையார் எண்பதுகளில் கோயில் கச்சேரிகளில் பதிவு செய்து வைத்திருந்த பத்து ஒலிநாடாக்களை. அவற்றை நானே கணினிக்கு மாற்றி வைத்திருக்கிறேன். அவற்றைக் கேட்கும்போது ஒலியளவை முழுவதும் ஏற்றினாலும் பாடகர் அடுத்த தெருவிலிருந்து பாடுவது போலத்தான் இருக்கிறது.

கடையில் விசாரித்தபோது, 300 ஓம் என்றால் குறைந்தது 2 வாட் ஆம்ப்ளிஃபையர் வேண்டும் என்று சொல்லி, நாற்பதாயிரம் ரூபாய் விலையுள்ள ஒன்றை எடுத்துக் காட்டினார்கள். அதன் பெட்டியில் "32 ஓமில் 2 வாட்" என்று அச்சிட்டிருந்தது. என்னுடையது 300 ஓம் ஆயிற்றே, அதற்கு எத்தனை வாட் வரும் என்று கேட்டேன், விடை கிடைக்கவில்லை. ஒரு நண்பர் வால்வு ஆம்ப் வாங்கச் சொல்கிறார். இன்னொருவர் பேலன்ஸ்டு இணைப்பு இல்லாமல் வாங்கவே கூடாது என்கிறார். என் அறிவு பள்ளிக்கூடத்து ஓம் விதியோடு நிற்கிறது. அந்த அளவில் யாராவது விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஈயப்பற்று எழுதியது:

ஓம் விதியே போதும், ஐயா. இந்த விஷயத்துக்கு அதற்கு மேல் ஒன்றும் வேண்டியதில்லை. முதலில் வாட் கணக்கை ஓரமாக வைத்துவிட்டு வோல்ட் கணக்கைக் கையில் எடுங்கள். இம்பீடன்ஸ், அதாவது ஓமில் சொல்லும் மின்மறுப்பு, அதிகமுள்ள ஹெட்ஃபோன் மின்னழுத்தத்தைத்தான் கேட்கும். மின்னோட்டத்தை மிகச் சொற்பமாகவே இழுக்கும்.

எச்டி 650-க்குச் சென்ஹைசர் கொடுத்திருக்கும் உணர்திறன், 1 வோல்ட்டுக்கு 103 டெசிபெல். மின்னழுத்தம் இரட்டிப்பானால் 6 டெசிபெல் கூடும். ஆகவே 2 வோல்ட்டில் 109, 4 வோல்ட்டில் 115. நாம் சாதாரணமாகக் கேட்கும் சராசரி ஒலி 75 முதல் 80 டெசிபெல்லுக்குள் இருக்கும். மிருதங்கத்தின் தொப்பியில் விழும் ஓர் அடி அந்தச் சராசரிக்கு மேல் 20 டெசிபெல், சில பதிவுகளில் அதற்கும் மேல் எழும்பும். அதையெல்லாம் சேர்த்தாலும் 110 டெசிபெல் உச்சம் தாராளம். 115 என்பது ஆடம்பரம். அந்த ஆடம்பரத்துக்கே 4 வோல்ட் போதும். 4 வோல்ட்டை 300 ஓமால் வகுத்தால் 13 மில்லிஆம்பியர் வருகிறது. திறன் என்று பார்த்தால் 53 மில்லிவாட். கருவியின் முகப்பில் எரியும் சிறிய எல்இடி விளக்குக்கு ஓடும் மின்னோட்டம்தான் அது. இரண்டு வாட் எங்கே, இது எங்கே!

கடைக்காரர் காட்டிய பெட்டியையும் இதே கணக்கில் பார்த்துவிடலாம். திறனை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வோல்ட் கிடைக்கும். 2 வாட்டை 32-ஆல் பெருக்கினால் 64. அதன் வர்க்கமூலம் 8 வோல்ட். அதே 8 வோல்ட் 300 ஓமில் 213 மில்லிவாட்டாகும். அதாவது உங்கள் காதில் 121 டெசிபெல். அந்த அளவை நீங்கள் ஒருநாளும் பயன்படுத்தப் போவதில்லை, பயன்படுத்தவும் கூடாது. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 40 மணி நேரம் என்று வரம்பு வைத்திருப்பது 80 டெசிபெல்லுக்கு. 90 டெசிபெல் என்றால் அந்த வரம்பு 4 மணி நேரமாகச் சுருங்கிவிடுகிறது. ஆகவே அந்தக் கருவி கெட்டது அல்ல. உங்கள் தேவைக்கு மிகப் பெரியது, அவ்வளவுதான்.

இங்கே ஒரு குழியும் இருக்கிறது. சில நிறுவனங்கள் உணர்திறனை 1 வோல்ட்டுக்குச் சொல்கின்றன, சில 1 மில்லிவாட்டுக்குச் சொல்கின்றன. உங்கள் எச்டி 650-இன் 103 டெசிபெல், மில்லிவாட் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 98 ஆகிவிடும். ஹெட்ஃபோன் ஒன்றுதான், எண்தான் வேறு. பெயர்டைனமிக் டிடி 880-இன் 600 ஓம் வகைக்கு 96 டெசிபெல் என்று போட்டிருப்பது மில்லிவாட் கணக்கு. 600 ஓமில் 1 மில்லிவாட் எடுக்க 0.775 வோல்ட் கொடுக்க வேண்டும். வானொலி நிலையக் கட்டுப்பாட்டு அறையில் பல ஆண்டுகள் உட்கார்ந்தவன் என்ற முறையில் அந்த 0.775 என்ற எண்ணைப் பார்த்தாலே எனக்கு வீட்டு ஞாபகம் வரும்: பழைய தொலைபேசி இணைப்புகளும் ஒலிபரப்பு இணைப்புகளும் 600 ஓம் என்ற வழக்கத்தில் ஓடியதால், இன்றைக்கும் ஒலித்துறையில் புழங்கும் டிபியூ என்ற மின்னழுத்த அளவுகோலின் பூஜ்யம் அதிலேதான் நிற்கிறது. அந்த டிடி 880-இல் 115 டெசிபெல் உச்சம் வேண்டுமென்றால் ஏறத்தாழ 7 வோல்ட் தேவை. அதனோடு ஒப்பிட்டால் உங்களுடையது சாது.

எதற்காக இப்படி 300, 600 என்று செய்தார்கள் என்றும் கேட்கலாம். மெல்லிய கம்பியில் அதிகச் சுற்றுகள் சுற்றினால் குரல்சுருளின் (ஹெட்ஃபோனுக்குள் அதிர்ந்து ஒலி எழுப்பும் கம்பிச் சுருளின்) எடையைக் குறைவாக வைத்துக்கொள்ள முடிகிறது. பதிவுக் கூடங்களில் ஒரே ஆம்ப்ளிஃபையரில் ஐந்தாறு ஹெட்ஃபோன்களைப் பக்க இணைப்பில் மாட்டினாலும் ஆம்ப்ளிஃபையர் திணறுவதில்லை. அந்தக் காலத்துக் கருவிகளும் இருபது முப்பது வோல்ட் மின்வழங்கியோடு இருந்தன. இன்றைய கைபேசியைப் போல ஒரு சின்ன பேட்டரியை நம்பியிருக்கவில்லை.

இப்போது உங்கள் டாங்கிளுக்கு வருவோம். சிறிய டாங்கிள்கள் பெரும்பாலும் 0.5 முதல் 1 வோல்ட் வரை தருகின்றன. சற்றுப் பெரியவை 2 வோல்ட் தருகின்றன. 2021 முதல் வந்த 14, 16 அங்குல மேக்புக் ப்ரோ உங்களிடம் இருந்தால், அதன் ஹெட்ஃபோன் துளையே இம்பீடன்ஸை அறிந்துகொண்டு 150 ஓமுக்கு மேல் 3 வோல்ட் வரை கொடுக்கும். அப்படியிருந்தால் இந்தக் கேள்வியே தேவைப்படாது.

எதை வாங்குவது என்று முடிவு செய்யுமுன் ஒரு சிறு வேலை செய்யுங்கள். 50 ஹெர்ட்ஸ் சைன் அலையை உச்ச அளவில், அதாவது பூஜ்ய டெசிபெல்லில் (கோப்புகளில் உச்சத்தைத்தான் பூஜ்யம் என்பார்கள்), ஒரு கோப்பாக உருவாக்கிக்கொள்ளுங்கள். வழக்கமாகக் கேட்கும் பாடலை, வழக்கமாகக் கேட்கும் அளவில் வையுங்கள். பிறகு ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, ஒலியளவைத் தொடாமல், அந்த 50 ஹெர்ட்ஸ் கோப்பை ஓடவிட்டு மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து அளந்து பாருங்கள். மலிவான மீட்டர்களும் 50 ஹெர்ட்ஸில் பொய் சொல்லாது. நம் வீட்டு மின்சாரமே அதுதானே. ஹெட்ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு மட்டும் அந்தக் கோப்பை ஓடவிடாதீர்கள். அளவை இங்கே எழுதுங்கள், பிறகு பேசுவோம்.

வால்வுக்கூடு எழுதியது:

ஈயப்பற்று ஐயாவின் கணக்கில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் வால்வு என்ற சொல் வந்துவிட்டதால், பதினைந்து ஆண்டுகளாக அதனோடு குடித்தனம் நடத்துபவன் என்ற முறையில் இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன்.

300 ஓம், 600 ஓம் ஹெட்ஃபோன்களுக்கு என்றே இருக்கும் வால்வு ஆம்ப்கள், வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் இல்லாதவை. அமெரிக்காவின் பாட்டில்ஹெட் நிறுவனம் தரும் க்ராக் என்ற, நாமே கோத்துக்கொள்ளும் தொகுப்பு இந்த வகைக்கு நல்ல உதாரணம். முன்னால் ஒரு 12ஏயு7 வால்வு, பின்னால் ஒரு 6080 வால்வு. இந்த 6080 பிறந்ததே மின்வழங்கிகளில் மின்னழுத்தத்தைச் சீராக்கும் வேலைக்காக. சூடேற்றும் இழைக்கு மட்டும் 6.3 வோல்ட்டில் 2.5 ஆம்பியர் குடிக்கும். அதாவது பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் 16 வாட் சூடு. மார்கழி இரவில் அதன் பக்கத்தில் உட்காருவது சுகம். சித்திரை மாதத்தில் என் வீட்டில் அதைத் துணி போட்டு மூடி வைத்துவிடுவோம்.

இவற்றின் வெளியீட்டு இம்பீடன்ஸ் (ஆம்ப்ளிஃபையரின் சொந்த உள்தடை) 100 ஓமுக்குப் பக்கத்தில் இருக்கும். அது உங்கள் எச்டி 650-இல் என்ன செய்யும் என்பதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். 300 ஓம் என்பது பெயரளவுக்குத்தான். 100 ஹெர்ட்ஸை ஒட்டிய இடத்தில் அந்த ஹெட்ஃபோன் 500 ஓம் வரை ஏறுகிறது. ஆம்ப்ளிஃபையரின் பக்கம் 120 ஓம் இருந்தால், நடு அலைவெண்களில் 2.9 டெசிபெல் இழப்பும் அந்த 100 ஹெர்ட்ஸ் பகுதியில் 1.9 டெசிபெல் இழப்பும் ஏற்படும். மிச்சக் கணக்கு, கீழ்ச்சுதியில் 1 டெசிபெல் மேடு. வால்வின் வெதுவெதுப்பு என்று நாங்கள் புகழ்ந்துகொண்டிருப்பதில் ஒரு பங்கு இந்த மேடுதான் என்பதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. ஏற்கெனவே கீழ்ச்சுதி சற்றுத் தூக்கலாக இருக்கும் எச்டி 650-இல் சிலருக்கு அது அதிகப்படியாகத் தோன்றும். எனக்குப் பிடித்திருக்கிறது.

ஹெட்ஃபோன் வெளியீட்டுக்கு 120 ஓம் என்பது யாரோ தவறிப்போய் வைத்த அளவல்ல என்பதையும் சொல்லவேண்டும். ஐஇசி 61938 என்ற பன்னாட்டுத் தரநிலையே ஒரு காலத்தில் அந்த அளவைத்தான் குறித்தது. பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர் ஏதாவது உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால், அதன் ஹெட்ஃபோன் துளை பெரும்பாலும் ஸ்பீக்கர் வெளியீட்டிலிருந்து ஒரு மின்தடை வழியாக வருவதாகவே இருக்கும். 300 ஓம் ஹெட்ஃபோனை அதில் மாட்டினால் கடைக்கே போக வேண்டியிராது. முதலில் பரணைத் தேடுங்கள்.

எச்சரிக்கை ஒன்று. இந்த வகை வால்வு ஆம்பில் சாதாரண 32 ஓம் இயர்ஃபோனை மாட்டக் கூடாது. வெளியீட்டில் 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கி இருந்தால், 300 ஓமில் கீழ் எல்லை 5 ஹெர்ட்ஸ். 32 ஓமில் அது 50 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும், கீழ்ச்சுதி கரைந்துபோகும். தவிர, உள்ளே நூறு வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது. சால்டரிங் பழக்கமில்லாதவர் தொகுப்பாக வாங்கி முதல் முயற்சியை அதில் செய்ய வேண்டாம்.

உங்கள் ஒலிநாடாக்களுக்கு இது தேவையா என்றால், தேவையில்லை. வேண்டும் என்று மனம் கேட்டால், அது வேறு விஷயம்.

மூன்றாம்வரிசை எழுதியது:

நண்பர்கள் இருவரும் தொடாத இடம் ஒன்று இருக்கிறது. நான் அங்கேதான் வழுக்கி விழுந்தேன். அது கெயின்.

ஆம்ப்ளிஃபையர் 8 வோல்ட் கொடுக்க வல்லது என்பதும், உங்கள் கையில் அது 8 வோல்ட் கொடுக்கும் என்பதும் ஒன்றல்ல. உள்ளே போகும் மின்னழுத்தத்தைக் கெயினால் பெருக்கினால் வருவதுதான் வெளியே வரும். டாங்கிள் 1 வோல்ட் கொடுக்கிறது, ஆம்ப்ளிஃபையரின் கெயின் ஒன்று என்றால், அதன் முதுகில் எத்தனை வாட் எழுதியிருந்தாலும் ஹெட்ஃபோனுக்குப் போவது அதே 1 வோல்ட்தான். நான் முதலில் வாங்கியது அப்படிப்பட்டது. குறைந்த கெயின் பொத்தானில் வைத்துக்கொண்டு, "ஆம்ப் வாங்கியும் ஒலி ஏறவில்லையே" என்று இரண்டு வாரம் குழம்பினேன்.

பிறகு எதிர்ப்பக்கம் போனேன். இன்னொன்று வாங்கினேன்; அதில் கெயின் பத்து மடங்கு, மாற்றவும் முடியாது. வீட்டில் இருக்கும் டிஏசி (கணினியின் எண்வடிவ ஒலியை மின்னலையாக மாற்றும் கருவி) 2 வோல்ட் தருவது. வால்யூம் குமிழைக் கடிகாரமாக நினைத்துக்கொண்டால் அது ஏழு மணியில் தொடங்குகிறது. எனக்குத் தேவையான ஒலியெல்லாம் ஏழரைக்கும் எட்டரைக்கும் நடுவில் முடிந்துவிடும். அந்த இடத்தில்தான் இடம், வலம் என்ற இரட்டைக் குமிழின் இரு பாதிகளும் ஒன்றோடொன்று பொருந்தாமல் நிற்கும். பாடகர் இடப்பக்கம் சாய்ந்தார், வயலின்காரர் மேடையிலிருந்தே இறங்கிவிட்டார். ஏழரை என்ற எண்ணை நம்மவர்கள் சும்மா பயந்து வைக்கவில்லை!

ஆகவே என் சிபாரிசு, கெயினை இரண்டு அல்லது மூன்று நிலைகளில் மாற்றக்கூடிய ஆம்ப். வழக்கமாகக் கேட்கும்போது குமிழ் பத்து மணியிலிருந்து ஒரு மணிக்குள் நிற்குமாறு கெயினைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும். ஒப்பிடும்போது உங்கள் மூலக்கருவி எத்தனை வோல்ட் தருகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். சிடி பிளேயர், மேசை டிஏசி போன்றவை பொதுவாக 2 வோல்ட். டாங்கிள் அதில் பாதி அல்லது அதற்கும் கீழே.

பேலன்ஸ்டு இணைப்பை (இரு காதுகளுக்கும் பொதுக் கம்பி இல்லாமல் தனித்தனி இரட்டைக் கம்பி போவதை) பற்றிச் சுருக்கமாக: எச்டி 650-இன் கம்பி இரு காதுகளுக்கும் தனித்தனியாகக் கழற்றக்கூடியது என்பதால் கருவியின் பேலன்ஸ்டு துளைக்குப் பொருந்தும் கம்பி வாங்கி மாட்டினால் போதும், வேலை எளிது. பயன் என்னவென்றால், சிறிய கருவிகளில் மின்னழுத்தம் இரட்டிப்பாகிறது. சட்டைப் பையில் வைக்கும் குடெலிக்ஸ் 5கே சாதாரண இணைப்பில் 2 வோல்ட்டும், பேலன்ஸ்டில் 4 வோல்ட்டும் தருகிறது. அப்படிப்பட்ட இடத்தில் அது நியாயமான வழி. மேசையில் வைக்கும் ஆம்ப் சாதாரண இணைப்பிலேயே 5 வோல்ட் கொடுத்துவிட்டால், தனிக் கம்பிக்குச் செலவழிப்பதற்குக் காரணம் எனக்குத் தெரியவில்லை.

பொத்தனூர்வாசி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. ஈயப்பற்று ஐயா சொன்னபடி நேற்று இரவு அளந்துவிட்டேன். பழைய 3.5 மில்லிமீட்டர் கம்பி ஒன்றின் ஒரு முனையை வெட்டி, தோலை உரித்து, மீட்டரின் முட்கவ்விகளில் மாட்டினேன். முதல் அளவே திகைக்க வைத்தது: கைபேசியில் டாங்கிளை மாட்டி ஒலியளவை முழுவதும் ஏற்றியபோது 0.46 வோல்ட்தான் வந்தது. கம்பியைச் சரியாக உரிக்கவில்லையோ என்று மறுபடியும் உரித்துப் பார்த்தேன், அதே 0.46. பிறகு அதே டாங்கிளை என் மடிக்கணினியில் மாட்டினேன், 0.99 வோல்ட்!

மடிக்கணினியில் வைத்தே மற்றவற்றையும் அளந்தேன். புதிய திரைப்பாடலை எனக்கு வசதியான அளவில் வைத்தபோது 0.28 வோல்ட். கச்சேரிப் பதிவுக்கு 0.99 வோல்ட்டிலும் போதவில்லை. ஆனால் தாங்கக்கூடிய அளவுக்கு முன்னேற்றம். பிறகு பக்கத்துத் தெரு நண்பரின் மேசை ஆம்ப்ளிஃபையரை ஒரு மணி நேரம் இரவல் வாங்கி, அதே டாங்கிளையே அதற்கு மூலமாகக் கொடுத்து வைத்துப் பார்த்தேன். கச்சேரி எனக்குத் திருப்தியாகக் கேட்ட இடத்தில் மீட்டர் காட்டியது 2.1 வோல்ட். அப்படியானால் திரைப்பாடலுக்கு ஆகும் மின்னழுத்தத்தைப் போல ஏழரை மடங்கு! (மறுபடியும் ஏழரை, மூன்றாம்வரிசை ஐயா மன்னிக்க.) நான் கச்சேரியை அவ்வளவு சத்தமாகவா கேட்கிறேன்? செவிக்குக் கேடு ஏதும் வருமா?

ஈயப்பற்று எழுதியது:

அருமையாக அளந்திருக்கிறீர்கள். கவலை வேண்டாம், இரண்டையும் நீங்கள் ஒரே சத்தத்தில்தான் கேட்கிறீர்கள்.

0.28 வோல்ட் என்பது, கோப்பின் உச்ச அளவு காதில் 92 டெசிபெல்லாக வரும் நிலை. இன்றைய திரைப்பாடல்கள் இறுக்கிப் பிழியப்பட்டவை. அவற்றின் சராசரி உச்சத்திலிருந்து 10 டெசிபெல் தான் கீழே இருக்கும். ஆக, காதில் விழும் சராசரி 82. உங்கள் 2.1 வோல்ட் என்பது உச்சம் 109 டெசிபெல்லாக வரும் நிலை. ஆனால் அந்தப் பழைய பதிவின் சராசரி 27, 28 டெசிபெல் கீழே கிடக்கிறது என்று வைத்துக்கொண்டால், காதில் விழுவது 81 அல்லது 82 தான். இரண்டு கோப்புகளுக்கும் நடுவில் உள்ள 17 டெசிபெல் வித்தியாசம் முழுவதும் பதிவில் இருக்கிறது. அதனால்தான் அளந்து பார்க்கச் சொன்னேன். ஹெட்ஃபோனின் ஓம் மட்டும் தெரிந்தால் போதாது. உங்களிடம் இருப்பதிலேயே தாழ்வான ஒலியுள்ள பதிவு எதுவோ, அதுதான் எத்தனை வோல்ட் ஆம்ப் வேண்டும் என்று சொல்லும்.

கைபேசியில் 0.46 வந்ததற்குக் காரணம் உங்கள் கம்பி அல்ல. சில டாங்கிள்களுக்குள் அவற்றுக்கே உரிய ஒலியளவுக் கட்டுப்பாடு ஒன்று இருக்கும். ஆண்ட்ராய்டு தன் பங்கை முழுவதும் ஏற்றினாலும் டாங்கிளின் உள்ளளவு பாதியிலேயே நின்றுவிடுவதுண்டு. யுஎஸ்பி ஒலியை நேரடியாகக் கையாளும் செயலிகளை நிறுவினால் அது சரியாகும். ஒரு பைசா செலவில்லாமல் 6.7 டெசிபெல் கிடைத்த மாதிரி.

மூன்றாம்வரிசை எழுதியது:

செலவில்லாத வழி என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. அந்தக் கச்சேரிக் கோப்பை ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளில் திறந்து, "ஆம்ப்ளிஃபை" என்ற கட்டளையைச் சொடுக்குங்கள். உச்சம் சிதையாமல் எத்தனை டெசிபெல் ஏற்றலாம் என்பதை அந்தப் பெட்டி தானாகவே போட்டுக் காட்டும். ஒலிநாடாவை மாற்றும்போது பலரும் பயந்து பயந்து அளவைக் குறைத்து வைப்பார்கள். அந்த இடம் வீணாகக் கிடக்கும். பெட்டியில் 1 அல்லது 2 என்று வந்தால் அலைவடிவத்தைப் பெரிதாக்கி, உச்சம் எங்கே நிற்கிறது என்று கண்ணால் பாருங்கள்.

பொத்தனூர்வாசி எழுதியது:

பார்த்தேன். 0.8 டெசிபெல் என்றுதான் வந்தது, விட்டுவிட நினைத்தேன். பிறகு அலைவடிவத்தைப் பெரிதாக்கினால், முழு ஒன்றே முக்கால் மணி நேரக் கச்சேரியும் மெல்லிய கோடாக ஓடுகிறது, தொடக்கத்தில் பதினோராவது விநாடியில் மட்டும் ஒரு குத்துக்கல் போல மூன்று கோடுகள் நிற்கின்றன. கேட்டுப் பார்த்தேன்: யாரோ ஒலிவாங்கியை விரலால் மூன்று முறை தட்டுகிறார், பிறகு "ஹலோ, கேட்குதா?" என்கிறார். அந்த மூன்று தட்டுதான் முழுக் கச்சேரியின் உச்சம்! அந்தப் பகுதியைத் தனிக் கோப்பாக வெட்டி வைத்துவிட்டு (அழிக்க மனம் வரவில்லை, குரல் என் தந்தையாருடையது) மறுபடியும் கட்டளையைச் சொடுக்கினேன். 7.8 டெசிபெல்.

ஏற்றிச் சேமித்தபின் அந்தக் கச்சேரி இப்போது டாங்கிளிலேயே, மடிக்கணினியின் முழு அளவில், எனக்குத் திருப்தியாகக் கேட்கிறது. ஆனால் மற்ற ஒன்பதில் ஆறு பதிவுகளில் இந்த வித்தை பலிக்கவில்லை. அவற்றின் உச்சம் தனி ஆவர்த்தனத்தில் விழுந்த உண்மையான மிருதங்க அடிகள். அவற்றை வெட்டவும் முடியாது, நசுக்கவும் எனக்கு விருப்பமில்லை. ஆகவே 4 வோல்ட் தரக்கூடிய சிறிய ஆம்ப் ஒன்று வேண்டும் என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். நாற்பதாயிரம் ரூபாய்க் கருவி நிச்சயமாக வேண்டாம். ஈயப்பற்று ஐயா, எனக்கு ஓரளவு சால்டரிங் வரும். நானே செய்துகொள்ளத் தக்க சுற்று ஏதேனும் இருக்கிறதா?

ஈயப்பற்று எழுதியது:

இருக்கிறது. 2011-இல் என்டபிள்யூஏவிகை என்ற புனைபெயரில் எழுதிய ஒருவர் ஓ2 என்ற ஆம்ப்ளிஃபையரை வடிவமைத்து, சுற்றுப்படத்தையும் அளவீடுகளையும் எல்லோரும் பார்க்குமாறு வெளியிட்டார். உள்ளே 12 வோல்ட் நேர், 12 வோல்ட் எதிர் மின்வழங்கி. 7 வோல்ட் வரை வெளியே வரும். வெளியீட்டு இம்பீடன்ஸ் அரை ஓமை ஒட்டித்தான். வால்வு ஆம்புக்குள் கை வைப்பது போன்ற ஆபத்து இதில் இல்லை. முன்பகுதிக்கு என்ஜேஎம்2068, வெளியீட்டுக்கு என்ஜேஎம்4556. இந்த இரண்டு சில்லுகளிலும் போலி வராமல் நம்பகமான கடையில் வாங்குங்கள்.

சில்லு ஒன்றையே நம்பி, 9 வோல்ட் பேட்டரியில் மிட்டாய் டப்பாவுக்குள் அடைக்கும் சீமாய் என்ற பழைய சுற்றும் உண்டு. செய்து பழக நல்லது. ஆனால் அந்த ஒற்றைப் பேட்டரியில் 2 வோல்ட்டுக்குச் சற்று மேலேயே உச்சிகள் வெட்டுப்படத் தொடங்கிவிடும்; உங்களுக்கு 2.1 வேண்டும் என்பதால் விளிம்பில் நிற்பது சரியல்ல.

ஓ2-வில் கெயின் பொத்தான் இரண்டு நிலைகளில் வரும்: 2.5 மடங்கு, 6.5 மடங்கு. உங்கள் 0.99 வோல்ட்டுக்கு 2.5 மடங்கே கணக்குப்படி போதும். ஆனால் தாழ்வான பதிவுகளுக்குக் குமிழ் முழுவதும் திரும்பிவிடும். 6.5 தேவையில்லை. அந்த நிலைக்குரிய 274 ஓம் மின்தடைகள் இரண்டையும் மாற்றி 510 ஓம் போட்டுவிடுங்கள். சுற்றில் ஏற்கெனவே உள்ள 1500 ஓம் மின்தடையின் அளவை 510-ஆல் வகுத்து ஒன்றைக் கூட்டினால் கெயின் 3.9 மடங்கு. முழுக் குமிழில் 3.9 வோல்ட், அதாவது உங்கள் ஹெட்ஃபோனில் 115 டெசிபெல் உச்சம். திரைப்பாடலுக்கு 2.5 நிலை, கச்சேரிக்கு 3.9 நிலை என்று வைத்துக்கொள்ளலாம். மூன்றாம்வரிசை ஐயாவின் ஏழரை மணித் தொல்லையும் கச்சேரியில் வராது. திரைப்பாடலின்போது மடிக்கணினியில் அளவைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் அங்கேயும் வராது.

அடாப்டர் வாங்கும்போது மட்டும் கவனம். அதற்கு வேண்டியது உள்ளே 230 வோல்ட் ஏசி, வெளியேயும் ஏசியே தரும் டிரான்ஸ்ஃபார்மர் வகை. 12 முதல் 20 வோல்ட்டுக்குள், 200 மில்லிஆம்பியருக்குக் குறையாமல். கடையில் 12 வோல்ட் அடாப்டர் என்று பொதுவாகக் கேட்டால் டிசி தருவதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள், அதில் இந்தப் பலகை வேலை செய்யாது. லேபிளில் வெளியீட்டுக்கு எதிரே ஏசி என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.